செங்கத்துல ஒரு டயர் பாடம்!

ஜவ்வாது மலைக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாம்னு நாலு பேர் கிளம்பினோம். நண்பன் வீட்டு பழைய கார். பின்பக்க டயர் ரெண்டும் முந்தின வாரம்தான் மாத்தினது. செகண்ட் ஹேண்ட்! புது டயர் விலையில் பாதிகூட இல்லை. ''பட்டனெல்லாம் அப்படியே இருக்கு மச்சி'' என்று ஒரே பெருமை. மிச்சமான காசுதான் எங்க பெட்ரோல் செலவே!

திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி ரோட்டில் போனால் செங்கம். செய்யாறு ஓடுகிற ஊர். அந்தப் பக்கம் நீலமாக ஜவ்வாது மலை. சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா இதுதான் என்கிறார்கள். அவனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடி. பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர், எதிரே வருகிற கூத்தருக்கு வழி சொல்கிற பாட்டு. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள்... எல்லாம் அதில் வரும்.

எங்களுக்கு வழி சொன்னவர் ஒரு பஞ்சர் கடை அண்ணன்.

காத்து பிடிக்க நிறுத்தினோம். பின் டயர்கிட்ட குனிஞ்சவர் நிமிரவே இல்லை. ''தம்பி, இத வச்சிக்கிட்டா மலை ஏறப் போறீங்க?''

''ரெண்டு வருஷ டயர்தாண்ணே!''

பக்கச்சுவரில் விரலை வைத்தார். 'டாட்' என்ற ஆங்கில எழுத்துக்களோடு ஆரம்பிக்கிற வரிசையின் கடைசியில் நாலு எண்: 2212. அதாவது 2012-ம் வருஷத்தின் 22-வது வாரம் தயாரானது! பட்டன் இருந்தும் ரப்பர் கட்டையாகி, ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. பாலிஷ் போட்டதில் அதுவும் மறைந்திருக்கிறது.

டயரைக் கழட்டினால் அடுத்த அதிர்ச்சி. பக்கச்சுவரின் உள்ளே ஒரு பேட்ச்! ''பட்டன் பக்கம் ஆணி ஏறினா ஒட்டலாம். பக்கச்சுவர் ஓடுறப்ப மடங்கி மடங்கி நிமிரும். அங்க ஒட்டவே கூடாது. பழைய டயர் வாங்கினா ரிம்முல மாட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கம் பார்க்கணும் தம்பி'' என்றார்.

எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 2023 அக்டோபரில் இதே செங்கம் பக்கம் அடுத்தடுத்து ரெண்டு கோர விபத்துகள் நடந்தன. அதற்குக் காரணம் எதுவோ... ஆனால் ரோட்டில் ஒரு நொடி தப்பினால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

வேலை செய்துகொண்டே அண்ணன் எடுத்த கிளாஸ் இதோ:

* பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காருக்கு அந்த டயர் சட்டப்படியே ஆகாது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வரை தேய்ந்துவிட்டால் அதுதான் அடையாளம்.
* சைஸும் எடை எண்ணும் வண்டிக்குச் சொன்னதாக இருக்கணும். ஒரே அச்சில் ரெண்டும் ஒரே மாதிரி டயர்.
* ரெண்டு நல்ல டயர் மட்டும் இருந்தால் பின்னாடி போடுங்க. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுத்திடும்.
* நட்டை எதிரெதிராக முடுக்கணும். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒரு முடுக்கு.

அன்றைக்கு கார் மலை ஏறவில்லை. அண்ணன் கடையோரமே நின்றது. நாங்க பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு வளைவில் கீழே பள்ளத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: ''இந்த டயரோட நேத்து அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்டா...''

திரும்பி வந்ததும் ரெண்டு புது டயர். நாலு பேரும் ஷேர் பண்ணினோம்.

நீங்களும் டூர் கிளம்புறீங்களா பாஸ்? முதல்ல குனிஞ்சு அந்த நாலு எண்ணைப் படிங்க!