கட்டிக்குப் போகும் கிளை

நுரையீரலின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி. காசநோயா, புற்றா, பழைய தழும்பா? ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. துளி சதை வேண்டும். அதை எடுக்கும் வேலையைப் பார்க்கத்தான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் பிராங்காஸ்கோபி அறைக்குப் போயிருந்தேன்.

மேஜையில் படுத்திருந்தவர் வேறோர் ஊரில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். சளியில் கிருமி ஒருமுறைகூடத் தென்படவில்லை, கட்டியும் கரையவில்லை. நிழலைக் கண்டதும் அந்த மாத்திரையை எழுதிவிடுவது நம் நாட்டில் சகஜம். புற்றாக இருந்தால் போன ஆறு மாதம் போனதுதான். விலா இடுக்கில் ஊசி குத்தியும் சதை எடுக்கலாம். ஆனால் பீடியால் பழுதான அவர் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும் அபாயம் அதிகம். அதனால்தான் மூச்சுக்குழாய் வழியாகப் போகும் பிராங்காஸ்கோபி.

மூச்சுக்குழாய்க்குள் விடும் வளையும் குழாயான ஸ்கோப்பை ஜப்பானின் ஷிகேதோ இகேதா 1960-களிலேயே கொண்டுவந்துவிட்டார். அதன் தடிமன் ஐந்தாறு மில்லிமீட்டர். மூச்சுக்குழாயோ பிரியப் பிரியக் குறுகும். நாலைந்து பிரிவு தாண்டினால் ஸ்கோப் நின்றுவிடும். அப்புறம் படங்கள்தான் கண்.

கட்டிக்குப் போகும் கிளையை மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேனில் தேடி, டாக்டர் முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். நோயாளி ஃபிலிம் மட்டும் கொண்டுவந்ததால் இதற்காகவே மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்ததாம்.

ஸ்கோப்புக்குள் மெல்லிய உறை, உறைக்குள் 1.4 மில்லிமீட்டர் அல்ட்ராசவுண்டு கம்பி. சுழன்றபடி சுற்றிலும் படம் காட்டும். காற்றுள்ள நல்ல நுரையீரல் என்றால் திரையில் புள்ளிமழை, நிகழ்ச்சி முடிந்த பழைய டி.வி. மாதிரி.

"இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்கண்ணே."

டெக்னீஷியன் அண்ணன் இரு விரலால் கம்பியைத் தள்ளினார். திரையின் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறம் திரண்டது.

"உரசிட்டுப் போகுது மேடம். உள்ள இல்ல."

பின்வாங்கிப் பக்கத்துக் கிளைக்குப் போனார்கள். இப்போது கம்பி நடுவில், சுற்றிலும் சாம்பல். இனி உறையை அப்படியே நிறுத்திவிட்டுக் கம்பியை மட்டும் உருவ வேண்டும். உறை நழுவினால் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். ஈயக் கவசத்தின் கனத்தோடு அண்ணன் எக்ஸ்ரே திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. டாக்டரின் பெயர்தான் அறிக்கையில் வரும். அந்த நிமிடம் அண்ணனுடையது.

உறை வழியே போன இடுக்கி கொண்டுவந்தது கடுகளவுகூட இல்லை. மூலை மேஜையில் செல்களைப் பரிசோதிக்கும் சைட்டாலஜி அம்மா அதை ஸ்லைடில் மெல்ல ஒற்றினார். அழுத்தினால் செல்கள் நசுங்கிவிடும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"வெறும் ரத்தம் மேடம். இன்னும் எடுங்க."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததைப் பார்த்தவர், "வந்துடுச்சு. மிச்சத்தை ஃபார்மலின்ல போடுங்க, ஜீன் டெஸ்டுக்கும் வேணும்" என்றார்.

ரோபோ செலுத்தும் ஸ்கோப்புகளுக்கு அமெரிக்காவில் 2018 முதல் அனுமதி கிடைத்துவருகிறது. ஸ்கேனில் கண்ட இடத்திலிருந்து கட்டி மூச்சோடு நகர்ந்துவிடும் சிக்கல் அவற்றுக்கும் உண்டு. அவற்றை வாங்க நினைக்கும் நிர்வாகங்கள் முதலில் இந்த மூலை மேஜைக்கு ஆள் போடட்டும். எடுத்தது கட்டியின் சதைதானா என்று அங்கேயே பார்த்துச் சொல்ல ஆளில்லாவிட்டால், விலையுயர்ந்த கருவியும் வெறும் ரத்தத்தை எடுத்துவரும்.

வீட்டில் யாருக்காவது நுரையீரலில் நிழல் என்றால், ஃபிலிமோடு ஸ்கேன் பதிவான சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துச் செல்லுங்கள்; கட்டி வளர்ந்திருக்கிறதா என்று அவைதான் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.