மருமகள் சொன்ன கணக்கு



எனது தங்கையின் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கப் போவதாகக் கூறினாள். சிவில் எஞ்சினியராக வருவதே அவளது விருப்பம். "காக்கா, பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இந்த மேசன் வேல?" என்று தங்கை என்னிடம் முறையிட்டாள். அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கும் பதில் தெரியவில்லை. வீடு கட்டும் தொழில் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

"மாமா, குறிஞ்சாக்கேணியை நினைத்துப் பாருங்கள்" என்றாள் மருமகள்.

மறக்க முடியுமா? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். மக்கள் இழுவைப் படகில் களப்பைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அப்படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தனர்.

ஒரு பாலத்தை வைத்தே அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். மண்ணைச் சோதித்து, அத்திவாரம் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் எனக் கூறுபவர் ஒருவர். தூணும் பீமும் தாங்கும் சுமையைக் கணிப்பவர் கட்டமைப்புப் பொறியியலாளர். வெள்ளம் எவ்வளவு உயரும், நீரோட்டம் தூணின் அடிமண்ணை அரிக்குமா என ஆராய்பவர் நீரியல் பொறியியலாளர். வீதியையும் வாகன நெருக்கத்தையும் கவனிப்பவர் போக்குவரத்துப் பொறியியலாளர். கடலரிப்பையும் துறைமுகத்தையும் பார்ப்பவர்கள் வேறு. ஆட்களையும் பொருட்களையும் காலத்தையும் ஒழுங்குபடுத்துவது கட்டுமான முகாமைத்துவம்.

"பாலத்தைக் கட்டி முடித்தால் மட்டும் போதாது மாமா. முடியும் வரை பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்."

நான் வாயடைத்துப் போனேன். தங்கையும் பேசவில்லை.

சகோதரிகளே! இத்துறை எமது சமையலறைக்கும் தூரமானதல்ல. குழாயில் வரும் நீரைச் சுத்திகரிப்பதும், கழிவுநீரை வெளியேற்றுவதும், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என நிர்ணயிப்பதும் இதன் சுற்றாடற் பிரிவைச் சேர்ந்தவையே. நீர் கெட்டால் பிள்ளை நோயில் விழும், கண்விழித்திருப்பவள் தாய். அந்த வேதனையை அறிந்த ஒரு பெண் இத்துறைக்கு வருவதில் என்ன தவறு?

பேராதனை, மொறட்டுவை மட்டுமன்றி, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியற் பீடம் உண்டு. உங்கள் மகளும் ஒருநாள் இவ்வாறு கேட்கலாம். உடனே மறுத்துவிடாதீர்கள். "அது என்ன வேலை மகள்?" என்று முதலில் கேளுங்கள். நான் கேட்டிராவிட்டால் இன்றும் அதை மேசன் வேலை என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.