கிணற்றிலிருந்து கடலுக்கு

கொள்ளிடம் வடக்கு முகமாகத் திரும்பும் கரையில் அமைந்த ஊர் திருமழபாடி. சுந்தரர் பாடிய தலம். பங்குனியில் நந்தியெம்பெருமானின் திருமணம் காணச் சுற்று வட்டாரமே திரளும் ஊர். ஆற்றை ஒட்டிக் கிழக்கே, திருமானூரைக் கடந்து சென்றால் வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே வாழ்கிற நாங்கள் மூவர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் உரக்கடை வைத்திருப்பவர், ஒருவர் உழவர். முதல் இருவர் கத்தோலிக்கர்; மூன்றாமவர் வைத்தியநாதரை வணங்குபவர். மூவருக்கும் நாற்பத்தைந்து வயது கடந்துவிட்டது. இத்தகையோர் 2022ஆம் ஆண்டு கோவாவுக்குச் சென்று, கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 90 கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து, இறங்கிய கையோடு 21 கிலோமீட்டர் ஓடும் போட்டியில் கலந்துகொண்டோம் என்றால் வாசகர் வியக்கக்கூடும். எங்கள் ஊரார் வியக்கவில்லை, சிரித்தார்கள்.

டிரையத்லான் என்று வழங்கும் இந்த விளையாட்டின் நீண்ட வடிவம் ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. உடல் வலிமையில் சிறந்தவன் நீந்துபவனா, ஓடுபவனா, மிதிவண்டி மிதிப்பவனா என்று ஹவாய்த் தீவில் நண்பர்களிடையே வழக்கு எழுந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அங்கே தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் போட்டிகளையும் ஒரே நாளில் சேர்த்து நடத்திப் பார்த்துவிடலாம் என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று பதினைந்து பேர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம். வழக்கு மட்டும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. கோவாவில் 2019 முதல் நடப்பது அதில் சரிபாதித் தூரம். எங்களுக்கு அந்தப் பாதியே மலையாகத் தெரிந்தது.

எங்களுக்குத் துணிவு தந்தவர் ஒரு கன்னியர். அமெரிக்காவைச் சேர்ந்த அருட்சகோதரி மடோனா பூடர், 1930இல் பிறந்தவர். ஒரு குருவானவரின் சொல்லைக் கேட்டு நாற்பத்தெட்டாம் வயதில் ஓடத் தொடங்கினார். ஐம்பத்தைந்தாம் வயதில் முதன்முறையாக முழுத் தூரத்தையும் முடித்தார். 2012இல், எண்பத்திரண்டாம் வயதில், 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் பதினேழு மணி நேர எல்லைக்குள் நிறைவு செய்தார். எங்கள் ஆசிரியர் நண்பர் இந்தச் செய்தியை அச்செடுத்து உரக்கடைச் சுவரில் ஒட்டினார். யூரியா வாங்க வந்தவர்களெல்லாம் அந்தப் பாட்டியம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டே சென்றார்கள்.

மிதிவண்டியும் ஓட்டமும் எங்களை அச்சுறுத்தவில்லை. அரியலூர் சாலையில் விடியுமுன் மிதித்தோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் புழுதிதான் பெரும் தொல்லை. ஆற்றில் நீரில்லாத மாதங்களில் மணலில் ஓடினோம். மணலில் ஒரு கிலோமீட்டர் ஓடுவது தார்ச்சாலையில் இரண்டு ஓடுவதற்குச் சமம் என்பது எங்கள் கணக்கு. மிதிவண்டியிலிருந்து இறங்கி உடனே ஓடுகையில் முதல் சில நிமிடங்கள் கால்கள் நம்முடையனவாகவே இரா. யாரோ இரவல் கொடுத்த கால்கள்போல் இருக்கும். அதைப் பழக்கத்தால்தான் வெல்ல முடியும். விலை உயர்ந்த பானங்களுக்குப் பதிலாக உப்பிட்ட நீராகாரம் குடித்தோம். வியர்வையில் இழப்பது நீரும் உப்பும்தான். இரண்டும் அதில் உண்டு.

நீச்சல்தான் சிக்கல். கொள்ளிடக் கரையில் வாழ்பவருக்கு நீச்சல் எப்படிச் சிக்கலாகும் என்று கேட்கலாம். கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளம் வடியும் ஆறு. முக்கொம்பில் உபரி நீரைத் திறந்துவிட்டால் இருகரையும் புரளும், மூடினால் மணல்வெளி. திறக்கும் நீரின் வேகம் எத்தகையது என்பதை, 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த மேலணையின் மதகுகள் பல இடிந்து விழுந்தபோது நாடே கண்டது. ஆனால் ஆள் விழுங்குவது வெள்ளம் மட்டுமன்று. மணல் அள்ளிய குழிகள். மேலே நீர் சமமாகத் தெரியும். இடுப்பளவு நீரில் நடந்து செல்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். உரக்கடை நண்பரின் தம்பி அப்படித்தான் போனான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. அதன்பின் அவர்களின் தாயார் ஆற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தஞ்சைக்குப் போகும் பேருந்து திருமானூர்ப் பாலம் ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

அந்தத் தாயிடம் போய், இன்னொரு மகன் நீந்தப் போகிறான் என்று யார் சொல்வது? ஒரு மாதம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவில் உழவர் நண்பரே போய்ச் சொன்னார். ஆற்றிலன்று, தம் வயற்கிணற்றில் என்றும் சொன்னார். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கயிறு கட்டிக்கிட்டு எறங்கட்டும். நான் மேல ஒக்காந்து எண்ணுறேன்” என்றார்.

அந்தக் கிணறு சதுரம். சுவருக்குச் சுவர் பன்னிரண்டு மீட்டர். தாயார் படிக்கட்டின் மேல் அமர்ந்து, மகன் ஒருமுறை கடக்கும்போது ஒரு மணி வீதம் செபமாலை உருட்டுவார். இடையில் வரும் பெரிய மணிகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. செபமாலையில் அருள்நிறை மந்திரத்துக்குரிய மணிகள் ஐம்பத்து மூன்று. மூன்று செபமாலை உருட்டினால் நூற்று ஐம்பத்தொன்பது. அதைப் பன்னிரண்டால் பெருக்கிய ஆசிரியர் நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்: 1,908 மீட்டர். போட்டிக்கு வேண்டிய தூரம் 1,900. நாங்கள் இதை அற்புதம் என்று சொல்லவில்லை. கிணற்றை வெட்டிய தாத்தா எந்தச் செபமாலையையும் பார்த்திருக்க மாட்டார் என்று உழவர் நண்பர் சொல்லிச் சிரித்தார். மற்ற இருவருக்கும் புளியங்கொட்டையே கணக்கு.

ஆற்றுப்பிள்ளைகள் தலையைத் தூக்கியே நீந்துவர். நெடுந்தூரத்துக்கு அது உதவாது. தலை உயர்ந்தால் கால் தாழும், கழுத்து கடுக்கும். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விட்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளிழுக்கப் பழக எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது நாங்கள் இளைஞர்கள், கைதட்டியதோடு சரி. அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்பது இந்தக் கிணற்றில்தான் புரிந்தது. எட்டாம் மாதம், தாயாரே, “கயித்த அவுத்துடுப்பா, கையில மாட்டுது” என்றார்.

கோவாவில் மிராமர் கடற்கரை. கடலில் சுவர் இல்லை. உந்தித் திரும்ப இடம் இல்லை. மிதவைகளைக் குறிபார்த்துச் செல்ல வேண்டும். அலை தூக்கும்போது தெரியும், இறக்கும்போது மறையும். நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம் கெடு. கணுக்காலில் கட்டும் சிறு கருவி ஒவ்வொரு கட்டத்தையும் பதிந்து அனுப்பும். ஊரில் இருப்போர் அதைக் கைபேசியில் காணலாம். ஆசிரியரின் மகள் தாயாரின் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். தாயார் வழக்கம்போல் மூன்று செபமாலை முடித்தார். செய்தி இல்லை. நான்காவதைத் தொடங்கினார். அவர் கை நடுங்கியதைக் கண்டு பக்கத்து வீட்டாரும் வந்து கூடியிருந்தார்கள். அதன் மூன்றாம் பத்தில் அந்தப் பெண், “கரையேறிட்டாங்க பாட்டி” என்று கத்தினாள். 1 மணி 4 நிமிடம். தாயார் மிச்சமிருந்த மணிகளை முடித்த பிறகே எழுந்தாராம்.

எங்கள் மூவரில் வலிமை மிக்கவர் உழவர். எங்களிடையே பந்தயம் வைத்திருந்தால் அவர்மீதுதான் வைத்திருப்போம். எதிர்க்காற்றிலும் வெயிலிலும் மிதித்த அவர், மிதிவண்டிக் கட்டத்தின் கெடுவுக்கு எட்டு நிமிடம் பிந்திவிட்டார். ஒரு தொண்டர் பணிவோடு வந்து கணுக்காலிலிருந்த கருவியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மற்ற இருவரும் எட்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தோம். முடிவுக்கோட்டில் பதக்கத்தோடு எங்களுக்காகத் தண்ணீர்ப் புட்டியை ஏந்தி நின்றவர் அவரே. அந்த இரவு நாங்கள் இருவரும் பதக்கத்தைக் கழுத்தில் அணியவில்லை. அவர் அதைக் கவனித்து, “எட்டு நிமிசத்துக்காக மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காராதீங்க” என்று எங்களைத்தான் கடிந்துகொண்டார்.

மறுநாள் பழைய கோவாவில் தூய சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பேராலயத்துக்குச் சென்றோம். 1710இல் வீரமாமுனிவர் கப்பலிலிருந்து வந்திறங்கியதும் இந்தக் கோவாவில்தான். அங்கிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர அவருக்கு இரயில் இல்லை. எங்களுக்கு இருந்தும் உட்காரத் தொடைகள் ஒத்துழைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தாயாரைப் பார்க்கப் போனோம். பதக்கத்தை வாங்கி எடை பார்த்தார், பித்தளையா என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, பேரனை எப்போது கிணற்றில் இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பையனுக்கு ஒன்பது வயது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் இறக்கினோம். கயிறு அவர் கையில் இருந்தது.