பாதி மூடுங்க

என் முதல் மடிக்கணினி வகுப்பில் பாடமே நடக்கவில்லை. பிளஸ் டூ இயற்பியல், நாற்பது பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. எல்லோரையும் லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தேன். எல்லாம் ஆன் ஆகி முடிக்கவே பத்து நிமிடம் போனது. ஒன்பது பேருக்குச் சார்ஜ் இல்லை. வகுப்பில் இருந்தது இரண்டே பிளக் பாயிண்ட், அதில் ஒன்று கைபட்டால் ஆடும். பயிற்சித்தாளைப் பென் டிரைவில் கொடுத்தேன். அது ஐந்தாவது பெஞ்சுக்குப் போவதற்குள் உள்ளே இருந்ததெல்லாம் வைரஸ் புண்ணியத்தில் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. தாள் திறந்தவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. வானவில் எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகளாக நின்றது. கடைசி பெஞ்சு மட்டும் அமைதியாக இருந்தது. போய்ப் பார்த்தால் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்ததும் பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற நான்கு ஆண்டு பாக்கி இருந்தவர்.

“ஏம்மா, சந்தை கலைஞ்சிருச்சா?”

2011 செப்டம்பரில் தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் தொடங்கி, பள்ளிக்கு முதல் மடிக்கணினிகள் வந்த காலத்திலிருந்தே அவற்றோடு மல்லுக்கட்டியவர் அவர். அரசுத் தாள்களில் அதன் பெயர் ‘விலையில்லா மடிக்கணினி’. இலவசம் என்ற சொல்லைத் தவிர்க்க யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். டீச்சருக்கு அது வெறும் பொட்டி.

அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வகுப்பில்லாத பாடவேளைகளில் அவருடைய கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதலில் கற்றது எண்ணிக்கை. நாற்பது பொட்டி வேண்டாம், பத்து போதும். முறை வைத்து, அன்றைக்கு யாருடைய முறையோ அவர்கள் மட்டும் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கோப்புகளை முதல் நாளே பத்திலும் ஏற்றிவிடுவார். அதையும் விண்டோஸில் செய்ய மாட்டார். அந்தப் பொட்டிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. மாணவர்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை. டீச்சர் அதில் நுழைந்து பென் டிரைவைத் திறப்பார், ஷார்ட்கட் வைரஸ் அங்கே பல்லில்லாத பாம்பாகக் கிடக்கும். “இதுக்காச்சும் ஆகுதே” என்பார்.

இதெல்லாம் வீட்டு வேலை மாதிரி, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழக நாளானது வேறொன்று.

அன்று பரவளையப் பாடம். பொட்டிகள் மேசையில் மூடிக் கிடந்தன. முதல் இருபது நிமிடம் சாக்பீசும் கிராப் நோட்டும்தான். y = x² + bx + 2 என்று எழுதி, b-க்கு மூன்று மதிப்புக் கொடுத்து, மூன்று வளைவரைகளையும் கையால் போடச் சொன்னார். பிறகு கேட்டார்: “b-ஐ மாத்திக்கிட்டே போனா, இந்த முனைப்புள்ளி எந்த வழியா நடக்கும்? நோட்ல எழுதுங்க. எழுதாதவங்களுக்குப் பொட்டி கிடையாது.” நேர்கோடு என்று பாதிப் பேர் எழுதினார்கள். வட்டம் என்று ஒருத்தன்.

அதன் பிறகுதான் திறக்கச் சொன்னார். ஜியோஜீப்ராவில் b-க்கு ஒரு ஸ்லைடர். ஆஸ்திரியாவில் 2001-இல் ஒரு மாணவரின் ஆய்வு வேலையாகப் பிறந்த மென்பொருள் அது. காசில்லை, ஏற்றிவிட்டால் இணையமும் வேண்டாம். ஸ்லைடரை இழுக்க இழுக்க, முனைப்புள்ளி விட்டுச்சென்ற தடம் தலைகீழான இன்னொரு பரவளையமாக விரிந்தது. y = 2 − x². கரும்பலகையில் நூறு வளைவரை போட்டாலும் அந்த நகர்வை என்னால் காட்டியிருக்க முடியாது. வகுப்பில் ‘அட’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அடங்குமுன், “பாதி மூடுங்க” என்றார்.

பத்து மூடிகளும் சாய்ந்தன. பொட்டி அணையாது, ஆனால் திரை கண்ணில் படாது. “ஏன் அப்படி நடந்துச்சு? நோட்ல நிரூபிங்க.” திறந்திருந்தது ஆறு நிமிடம் இருக்கும். நானாக இருந்தால் மணி அடிக்கும்வரை இழுத்து விளையாட விட்டிருப்பேன்.

பிறகு கேட்டேன், எப்போது மூடச் சொல்வது என்று எப்படித் தெரிகிறது? “தோசையை எப்பத் திருப்பணும்னு கேப்பியா?” என்றார். எரிச்சலாக இருந்தது. சரியான பதில்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு பருவம் ஆனது. சீக்கிரம் மூடி இரண்டு முறை கெடுத்தேன், தாமதமாக மூடி எத்தனையோ முறை.

எனக்கென்று ஒரு வகுப்பு அமைந்தது ஆவணியில். போன வருடப் பாடத்தின் திருப்புதல். ஒரு ரப்பர் பந்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுவது, அது மோதும் ‘டப்’ ஒவ்வொன்றையும் பதிவது. ஃபேனை நிறுத்தினால்தான் ஒலி சுத்தமாக விழும், வியர்வையில் எல்லோரும் நனைந்தோம். திரையில் ஒவ்வொரு ‘டப்’பும் ஒரு முள்ளாக நின்றது. முள்ளுக்கு முள் இடைவெளி 0.72 விநாடி, அடுத்தது 0.58, அதற்கடுத்தது 0.46. ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறக்குறைய 0.8 பங்கு. முதல் இடைவெளியிலிருந்தே பந்து எவ்வளவு எழும்பியது என்று கணக்கிட்டோம்: சுமார் 64 சென்டிமீட்டர். ஸ்கேல் வைக்காமல், காதால் அளந்த உயரம்.

ஒரு குழுவுக்கு மட்டும் 0.72, 0.31, 0.27, 0.46 என்று வந்தது. “மிஸ், பொட்டி கெட்டுப்போச்சு” என்றான் ஒருவன். பக்கத்திலிருந்த பெண் விடவில்லை. “0.27-க்கு அப்புறம் 0.46 எப்பிடிடா வரும்? பந்து தானா உசரமா குதிக்குமா?” பெரிதாக்கிப் பார்த்தார்கள், நடுவில் இருந்த முள் மற்றவற்றைவிட ஒல்லி. 0.31-ஐயும் 0.27-ஐயும் கூட்டினாள்: 0.58. “இது பந்து இல்ல. உன் பேனா விழுந்தது.”

நான் ‘பாதி மூடுங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர், வேண்டாம் என்று தலையாட்டினார்.