சும்மா பார்க்க

புதுக்கோட்டையிலிருந்து டெல்லிக்கு நேரடி ரயில் கிடையாது. காசிக்கு உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸ் போகும் வாராந்திர ரயில் மானாமதுரை தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் திருச்சிக்குப் போகிறது. டெல்லி என்றால் முதலில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சென்னைக்குப் போய், ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஏறினால் மூன்றாம் நாள் காலையில் டெல்லி.

அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போவதற்காக நான் திறந்த எக்செல் ஷீட்டின் முதல் வரி இதுதான். அதை அத்தையிடம் சொன்னேன். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. "பாத்தியா தம்பி, எங்க போகணும்னு ரயிலே சொல்லுது" என்றாள்.

அம்மாவுக்கு 57 வயது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது முறுக்கு பிழிந்துகொண்டே, "டெல்லியை ஒரு தடவை பாத்துரணும் தம்பி" என்றாள். எதுக்கும்மா என்று கேட்டேன். "சும்மா பாக்கத்தான்." அவ்வளவுதான். ஆனால் அந்தச் 'சும்மா'வை எங்கள் சொந்தக்காரர்களால் செரிக்க முடியவில்லை. டெல்லியில யாரு இருக்கா? ஆஸ்பத்திரிக்கா, எதையும் மறைக்கிறீங்களா? உனக்கு அங்க வேலை மாத்திட்டாங்களா? அங்க என்ன கோயில் இருக்கு? ஒவ்வொரு போனிலும் இதே கேள்விகள். அம்மா ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னாள். அவர்கள் சிரித்துவிட்டு, அடுத்த முறை பேசும்போது மறுபடி கேட்டார்கள்.

எங்கள் பக்கம் அம்மா வயதுப் பெண்கள் ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, மகள் பிரசவம், கோயில். இந்தப் பட்டியலில் கோயில் கொஞ்சம் தாராளமானது. பழனிக்கு என்று கிளம்பி கொடைக்கானலைப் பார்த்துவிட்டு வரலாம். ராமேஸ்வரம் என்று கிளம்பினால் பாம்பன் பாலம் உபரி. அம்மா இரண்டு முறை சிவப்புச் சேலை கட்டி, இருமுடியோடு மேல்மருவத்தூர் போயிருக்கிறாள். பஸ் திரும்பி வரும்போது மாமல்லபுரத்தில் நிற்கும். இரண்டு பயணத்தைப் பற்றியும் அவள் இன்றைக்கும் பேசுவது கடலைப் பற்றித்தான். அலை வந்து செருப்பை அடித்துக்கொண்டு போனதை அவள் சொல்லக் கேட்டால், மருவத்தூருக்கு எதற்குப் போனாள் என்பதே மறந்துபோகும்.

இப்படிச் சாமியின் மடியில் ஒளித்து வைத்துத்தான் நம் அம்மாக்கள் ஊர் பார்த்திருக்கிறார்கள். புருஷன் இல்லாத பெண்ணுக்கு இந்த மடியும் சிறியது. அவளுக்கென்று ஊர் சம்மதிக்கிற தூரப் பயணம் ஒன்றுதான், காசி. அதுவும் அவளுக்காக இல்லை, போனவருக்காக. அத்தை கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை. "அண்ணி, அம்புட்டு தூரம் போறீங்க. அப்படியே காசிக்குப் போயி அண்ணனுக்கு ஒரு காரியத்தைப் பண்ணிட்டு வந்துட்டா யாரு என்ன பேசப்போறா?" என்றாள். டெல்லியைக் காசியின் கிளைப் பயணமாக ஆக்கிவிட்டால் எல்லார் வாயும் அடைபடும். என் ஷீட்டிலும் அது பெரிய மாற்றமில்லை, இரண்டு நாள் கூடும். டெல்லியிலிருந்து பனாரஸுக்கு வந்தே பாரத் இருக்கிறது.

அம்மா அத்தைக்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "காசிக்கு நீயும் நானும் தனியா ஒரு தடவை போவோம். அது அவருக்கு. இதுல அதைக் கலக்க வேணாம்."

அம்மாவுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு ஒரு சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இயக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ராத்திரியில் நடக்கும் வகுப்புகளுக்கு ஊர் ஊராகப் போய்வர வேண்டிய தொண்டர்களுக்கு அது தேவைப்பட்டது. பிறகு கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள், பூப்பறிப்பவர்கள் என்று எல்லாரும் ஏறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது. முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அப்படி உட்கார்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பாரில் சுற்றிய துண்டும், தொடையில் அது அழுத்திய தடமும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

அந்தச் சைக்கிளுக்கும் காரணங்கள் இருந்தன. குடத்தைக் கட்டித் தண்ணீர் எடுத்துவர, கத்தரிக்காயைச் சந்தையில் போட, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட. அரசாங்கமும் பத்திரிகைகளும் அந்தக் காரணங்களைத்தான் எழுதின. ஆனால் அம்மா சொல்லும் கதைகளில் தண்ணீர்க்குடம் வராது. நிலா வெளிச்சத்தில் நாலைந்து பேர் சேர்ந்து திருவரங்குளம் வரை மிதித்துப் போய், ஒன்றும் வாங்காமல், யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தது வரும். "எதுக்குடி போனீங்கன்னு உங்க அப்பத்தா கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலை. போயிட்டு வந்தோம்னு சொன்னோம்." அப்போது அவளுக்கு 24 வயது.

அதனால் டெல்லித் திட்டத்தில் எனக்கு ஒரே ஒரு விதி. அம்மாவின் பட்டியலில் இருப்பதற்கெல்லாம் காரணம் கேட்கக்கூடாது. நேரம் மட்டும் ஒதுக்க வேண்டும்.

அதுவே சுலபமான வேலை இல்லை. டெல்லிக்குப் போகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது கிழமைகளைத்தான். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாம் திங்கட்கிழமை மூடியிருக்கும். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை. மாதமும் முக்கியம். தீபாவளிக்குப் பிறகு புகை, மார்கழியில் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம், சித்திரையில் வெயில். ஜனாதிபதி மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டித்தான். அம்மாவின் காலண்டரில் பொங்கல் முடியணும், திருவப்பூர் மாரியம்மன் மாசித் திருவிழாவுக்குள் ஊர் திரும்பணும். இரண்டு காலண்டரையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பிப்ரவரி முதல் பாதி மட்டும் மிஞ்சியது.

அம்மாவின் பட்டியலில் முதலில் இருப்பது இந்திரா காந்தி வீடு. சப்தர்ஜங் சாலை 1ஆம் எண். 1984 அக்டோபர் 31 அன்று அவர் சுடப்பட்டபோது கட்டியிருந்த சேலையை அங்கே வைத்திருக்கிறார்கள். கடைசியாக அவர் நடந்துபோன பாதையைக் கண்ணாடியால் மூடிப் பாதுகாக்கிறார்கள். அந்தச் செய்தி ரேடியோவில் வந்தபோது அம்மாவுக்கு 16 வயது. "அந்த அம்மா நடந்த எடத்தைப் பாக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது ஜந்தர் மந்தர். சுற்றுலாக் கையேட்டில் இது 18ஆம் நூற்றாண்டில் ஜெய்சிங் மன்னர் கட்டிய வானியல் ஆய்விடம். அம்மாவுக்கு இது அய்யாக்கண்ணு உட்கார்ந்த இடம். 2017இல் நம் பக்கத்து விவசாயிகள் மண்டை ஓடுகளோடு அங்கே உட்கார்ந்திருந்ததை நாங்கள் டிவியில் பார்த்தோம். அதே வருஷம் பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. எங்கள் ஊரிலிருந்து வேன் பிடித்து அந்தப் போராட்டத்துக்குப் போனார்கள். அம்மா இரண்டு நாள் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மூன்றாவது நாடாளுமன்றம். வெளியிலிருந்து பார்த்தால் போதுமாம். "நம்ம மண்ணைத் தோண்டலாம்னு எங்க உக்காந்து முடிவு பண்ணாங்கன்னு பாக்கணும்ல." பார்த்து என்னம்மா பண்ணப்போறே என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்டாள். "என்ன பண்றது, பாக்குறதுதான்" என்றாள் அம்மா.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு டெல்லி எப்போதுமே ஏதாவது வந்து சேரும் திசை. உத்தரவு வரும், திட்டம் வரும், எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஸ்டாப்பிங் வரும் அல்லது வராது. 1948 மார்ச் 3 வரை இந்த ஊரே ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகரம். தொண்டைமான் மன்னர்களின் அரண்மனை இருந்தது, அம்மன் காசு என்று சொந்த நாணயம் இருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் எங்கள் தலைநகரம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ். இங்கிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள் பட்டாளத்துக்கோ, வேலைக்கோ, மனு கொடுக்கவோ போகிறார்கள். எதையும் கேட்காமல், எதையும் கொடுக்காமல் அங்கே போய் நிற்க ஆசைப்பட்ட ஆளை அம்மாவுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

தாஜ்மகாலை நான்தான் ஷீட்டில் சேர்த்தேன். அம்மாவுக்கு அதில் ஆர்வமில்லை. "செத்தப்பறம் கட்டி என்ன? உசுரோட இருக்கையில ஊரு ஒலகத்தைக் காமிச்சானான்னு கேளு." அப்பாவை நினைத்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. அப்பா நல்ல மனிதர், திருச்சி தாண்டிப் போனால் அவருக்குத் தூக்கம் வராது. மும்தாஜைப் பொறுத்தவரை ஷாஜகான் அவளை அழைத்துக்கொண்டு சுற்றினான்தான். 1631இல் அவள் இறந்தது ஆக்ராவில் இல்லை, தக்காணப் படையெடுப்புக்கு வந்த கணவனோடு தங்கியிருந்த புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில். இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குப் பேரு சுத்திக் காமிக்கிறதா?" என்றாள். ஆக்ராவை நீக்கிவிட்டேன். அந்த ஒரு நாள் காலியாகக் கிடைத்தது.

தேடிக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஒன்று திருவரங்குளத்து நடராஜர். அம்மா சைக்கிள் மிதித்துப் போன அதே திருவரங்குளம். நாம் எங்கும் பார்க்கிற, ஒரு காலைத் தூக்கிய ஆனந்த தாண்டவம் இல்லை. இரண்டு முழங்காலையும் மடித்து ஆடும் சதுர தாண்டவம். இருபது ரூபாய் டிக்கெட்டில் எங்கள் ஊர்ச் சாமியைப் பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்கும் சொந்தங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. நம்ம ஊரு நடராஜரைப் பாக்கப் போறோம் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். போனில் படத்தைக் காட்டினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். மூட்டுவலிக்காரியின் கண் முதலில் சாமியின் முழங்காலுக்குத்தான் போனது. "ரெண்டு முட்டியையும் மடக்கிக்கிட்டு எம்புட்டு நேரமா ஆடுறாரு" என்றாள். பிறகு, "பாப்போம். அவரும் ஊரைவிட்டு வந்துதானே இருக்காரு. ஆனா அதுக்காகத்தான் போறேன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள்.

ரயில்வே முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். அந்தத் தேதிக்கு நாலு நாள் முன்பு ராத்திரி அத்தை போன் செய்தாள். டெல்லியில குளிருமா, ஸ்வெட்டர் போதுமா, ரயில்ல சோறு கிடைக்குமா என்று சுற்றி வளைத்துவிட்டு, "எத்தனை பேருக்கு டிக்கெட் போடப்போற?" என்றாள். உங்களையும் சேர்த்து மூணு பேருக்கு என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமாகிட்ட என்ன சொல்றது? அங்க ஏதாச்சும் கோயில் இருக்கா?"

ஆர்.கே.புரத்தில் ஒரு குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது, மலை மந்திர் என்பார்கள், உத்தர சுவாமிமலை என்றும் பெயர் என்று சொன்னேன். "முருகனா! அது போதும்" என்றாள். ஷீட்டில் இரண்டாம் நாள் காலையில் மலை மந்திரைச் சேர்த்தேன். அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். "இருக்கட்டும். அவ மொத தடவைதானே போறா."

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கையில் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட முடியாது. மூன்று பேரையும் சேர்த்தால் அது கிடைக்காது. அதனால் அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு டிக்கெட், எனக்குத் தனியாக இன்னொன்று. அவர்களுக்கு எதிரெதிரே இரண்டு கீழ்ப்படுக்கை. எனக்கு இரண்டு பெட்டி தள்ளி மேல்படுக்கை.

மாற்ற முடியுமா என்று டிடிஆரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "எதுக்கு? நீ அங்கயே இரு. சாப்பாட்டு நேரத்துக்கு வா" என்றாள்.