சனி, ஞாயிறுக்குச் சிதம்பரமும் கடலூரும்

சனி, ஞாயிறு எங்காவது போய் வரலாம் என்று பேச்சு எழுந்தால் வீட்டில் எல்லோர் முகமும் மலரும். நம் மனசுக்குள் மட்டும் ஒரு கணக்கு ஓடும். எத்தனை பேருக்குப் புளியோதரை, சின்னவனுக்கு எத்தனை மாற்றுத் துணி, மாமியாரின் மாத்திரை டப்பா, திரும்பி வந்ததும் துவைக்க வேண்டிய மூட்டை! எங்கள் எதிர்வீட்டு அக்கா சொல்வார்: "ஊருக்குப் போயிட்டு வந்தா, அந்த அலுப்பு தீர எனக்குத் தனியா ரெண்டு நாள் லீவு வேணும்."

சமையலறையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்குப் பெயர் உல்லாசப் பயணம் இல்லை, சகோதரிகளே! நமக்கும் சேர்த்துத்தான் விடுமுறை என்று தீர்மானித்துக்கொண்டு திட்டம் போட வேண்டும். அப்படிப் போட்டதில் எங்களுக்கு நன்றாக ஒத்து வந்தது சிதம்பரம், கடலூர்ப் பயணம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான். பெரியவர்களுக்குக் கோயில், பிள்ளைகளுக்குப் படகும் கடலும். நமக்கு? மத்தியானத் தூக்கம்! அதைத் திட்டத்தில் முதலில் எழுதிவிடுங்கள்.

சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடலூர்தான் முதலில் வரும். அங்கே இறங்காமல் நேரே சிதம்பரம் போய்விடுங்கள் என்பேன். தூரத்து ஊரை முதல் நாளே பார்த்துவிட்டால், மறுநாள் வீட்டை நோக்கித் திரும்புகிற வழியில் கடலூர் வந்துவிடும். தஞ்சாவூர், மாயவரம் பக்கத்துக்காரர்கள் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். காலையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸில் முன்னதாகவே ரிசர்வ் செய்துகொண்டால் மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரத்தில் இருக்கலாம். வீட்டிலிருந்து எடுத்துப் போவது காலை டிபன் ஒரு வேளைக்கு மட்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும், மறு பேச்சில்லை.

நடராஜர் கோயிலில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். இது தெரியாமல் மொட்டை வெயிலில் குழந்தை குட்டிகளோடு வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நமக்கோ அந்த மூடிய நேரம்தான் வரப்பிரசாதம். சாப்பிட்டுவிட்டு ரூமில் காலை நீட்டிப் படுக்கலாம். யாரும் "அம்மா, அடுத்து எங்கே?" என்று கேட்க முடியாது.

சாப்பாட்டில் சிதம்பரம் கொத்சுவை விட்டுவிடாதீர்கள். கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளி கரைத்து விட்டு, கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் வறுத்து அரைத்த பொடியைத் தூவி, நல்லெண்ணெய் மிதக்கச் செய்வார்கள். மிளகு, சீரகம் மணக்கும் சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடி. இட்லிக்கும் பிரமாதம்.

வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் போகலாம். விளக்கு ஏற்றின பிறகு பார்க்கிற அழகே தனி. கோபுர வாசல்களின் உட்சுவரில் நாட்டியக் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், மொத்தம் 108. பிள்ளைகளை ஒவ்வொன்றாக அபிநயம் பிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது. பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்று சொல்வது வழக்கம். நடராஜரைச் சேவித்த இடத்திலிருந்தே கோவிந்தராஜப் பெருமாளையும் சேவிக்கலாம். வீட்டில் சைவமும் வைஷ்ணவமும் கலந்திருந்தால் சண்டையே வராது! ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் கூட்டம் நெரியும். கைக்குழந்தைக்காரர்கள் அந்தச் சமயம் போக வேண்டாம்.

ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்து பிச்சாவரம் கிளம்பிவிடுங்கள். சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் படகில் ஏறிவிட வேண்டும். மோட்டார் படகும் உண்டு, ஆனால் என் ஓட்டு துடுப்புப் படகுக்குத்தான். அதுதான் குறுகலான கால்வாய்களுக்குள் நுழையும். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் தண்ணீரில் வேர்களைக் கால் மாதிரி ஊன்றி நிற்கும். கிளைகள் தலைக்கு மேல் கூடி நிழல் கொடுக்கும். துடுப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். அந்த அமைதிக்காகவே இன்னொரு தடவை போகலாம். 'இதயக்கனி' (1975) படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் இதுதான் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்! 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்ததும் இந்த மரங்களால்தான்.

இங்கே ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரத்தை ஊருக்குள் தேடினால் கிடைப்பது அரிது. அது இந்த உப்பங்கழிக் காட்டில்தான் இருக்கிறது. இலையையோ கிளையையோ ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தவறிப் பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். "எந்த மரத்திலும் கை வைக்கக் கூடாது" என்று படகில் ஏறுமுன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வேர்க்கிறது என்று கழற்றவும் விடாதீர்கள்.

பத்து, பத்தரைக்கு அங்கிருந்து புறப்பட்டால் மதியத்துக்குக் கடலூர். மறுபடியும் சாப்பாடு, ஓய்வு. மாலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில். பாதிரி மரம்தான் இங்கே தல விருட்சம். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் பெருமான் கரை சேர்ந்தது இந்த ஊரில்தான் என்பது வரலாறு. பக்கத்தில் 'கரையேறவிட்ட குப்பம்' என்றே ஒரு ஊர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக வேண்டிக்கொள்ள நினைப்பவர்கள் இதற்குப் பதில் திருவந்திபுரம் போய், 74 படி ஏறி ஹயக்ரீவரைச் சேவிக்கலாம். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அங்கே கல்யாணக் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது.

பிறகு தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பெரிய மணல் வெளி, நல்ல காற்று. பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் தங்களுக்கு என்று பேரமாம்! குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. கோட்டை இடிந்து மிச்சம் கொஞ்சம்தான், ஆனாலும் கதையைச் சொன்னால் பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மணலில் விளையாடட்டும், அலையில் இறங்க விடாதீர்கள்.

காரில் வருகிறவர்கள் கடலூரை விட்டுவிட்டு, பிச்சாவரத்திலிருந்து வடலூர், பண்ருட்டி வழியாகவும் திரும்பலாம். வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ல் தொடங்கிய தருமசாலையில் பசித்து வரும் யாருக்கும் சோறு போடுகிறார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. தினம் மூன்று வேளை அடுப்பு மூட்டுகிற நமக்கு அதன் முன்னால் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. வரிசையில் உட்கார்ந்து, வேறொருவர் பரிமாற, சூடாகச் சாப்பிட்டேன். உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பயணம் வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் மழையும் வெள்ளமும் அப்போதுதான். 2011 டிசம்பரில் 'தானே' புயல் இங்கே முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறக்க முடியுமா? தை பிறந்த பிறகு பங்குனி வரை சுகம். சித்திரையில் வெயில் கொளுத்தும் என்றாலும் பண்ருட்டிப் பலா சீசன் ஆரம்பித்திருக்கும். முழுப் பழமாக வாங்கி டிக்கியில் ஏற்றுமுன், வீட்டுக்குப் போய் அதை யார் வெட்டிச் சுளை எடுப்பது என்று அவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.