இடாப்பில் இல்லாத பிள்ளைகள்

கொவிட் காலத்தில் எங்கட வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் "குட்மோர்னிங் மிஸ்" எண்டு போட்டால் போதும், அன்றைய வரவு விழுந்துவிடும். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம் திறந்தும் மூடியும் இழுபட்ட அந்த மாதங்கள் முழுக்க, எங்கட வகுப்பில் ஒருத்தி நாள் தவறாமல் குட்மோர்னிங் போட்டாள். ஆனால் சூம் வகுப்பில் ஒருநாளும் கமெரா போட்டதில்லை. குரலும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் ஒழுங்காகத் திறந்த பிறகு அவள் வரவேயில்லை. "வேற ஊருக்குப் போயிட்டினமாம்" எண்டு யாரோ சொன்னார்கள். நாங்களும் சரியெண்டு விட்டுவிட்டோம்.

போன மாதம் வீட்டுக்கல்வி பற்றிக் கூடிக் கதைத்தபோதுதான் அவளின்ட ஞாபகம் திரும்ப வந்தது.

முதலில் உண்மையைச் சொல்லவேண்டும். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுக்கல்வி என்றாலே ஒரு ஆசை. புலமைப்பரிசிலில் தொடங்கி ஏ/எல் வரைக்கும் ஓடிக் களைத்தவர்கள் நாங்கள். 2005இலேயே கல்வி அமைச்சு பிள்ளைகளை அடிக்கக்கூடாது எண்டு சுற்றுநிருபம் அனுப்பியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன எங்களுக்கும் பிரம்பு என்னவென்று தெரியும். எங்களில் ஒருத்தி ஒன்பதாம் ஆண்டில் அப்படி அடிவாங்கி, பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்தவள். "அந்த வருசம்தான் நான் கதைப்புத்தகமே வாசிக்கத் தொடங்கினனான்" என்கிறாள். ஆகவே பள்ளிக்கூடம் பத்திரமான இடம், வீடு ஆபத்தான இடம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை.

ஆனால் 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் பெரிஸ் நகரில் நடந்ததைக் கேளுங்கள். 17 வயதுப் பெண் ஒருத்தி யன்னலால் குதித்து, இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு பழைய கைபேசியில் 911க்கு அழைத்தாள். பொலிஸார் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் 2 வயது முதல் 29 வயது வரை 13 பிள்ளைகள். சிலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். வளர்ந்தவர்களும் சாப்பாடில்லாமல் சின்னப்பிள்ளைகள் போல மெலிந்திருந்தார்கள். அந்த வீடு அரச பதிவில் ஒரு தனியார் பாடசாலை. தகப்பன்தான் அதிபர். அந்த மாநிலத்தில் வீட்டில் படிப்பிக்கிறவர்கள் ஒரு படிவம் நிரப்பித் தங்கள் வீட்டையே பாடசாலையாகப் பதியலாம். பாடம் நடக்கிறதா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் எண்டு கல்வித் திணைக்களம் போய்ப் பார்ப்பதில்லை. அந்தக் குடும்பம் முன்பு வாழ்ந்த டெக்சாசில் அந்தப் படிவம்கூடத் தேவையில்லை.

இங்கிலாந்தில் நடந்தது இன்னொரு விதம். 2023 மார்ச்சில் வோக்கிங் நகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தில் காயத்தைக் கண்ட ஆசிரியர்கள் சமூக சேவைப் பிரிவுக்கு அறிவித்தார்கள். சில நாட்களில் அந்தக் கோப்பு மூடப்பட்டது. அடுத்த மாதமே, இனி வீட்டில் படிப்பிக்கிறோம் எண்டு தகப்பன் அவளை நிறுத்திவிட்டார். ஓகஸ்டில் அவள் உயிரோடு இல்லை. தகப்பனும் சிறிய தாயும் கொலைக் குற்றவாளிகள் எண்டு 2024 டிசம்பரில் தீர்ப்பானது.

காயத்தைக் கண்டது பள்ளிக்கூடம். கண்ட கண்களிடமிருந்து பிள்ளையை விலக்க ஒரு அறிவித்தல் போதுமாக இருந்தது. எங்களை உலுக்கியது அதுதான்.

அதே டிசம்பரில் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு இருக்கவேண்டும். பாதுகாப்பு விசாரணையில் இருக்கும் பிள்ளையை உள்ளூராட்சியின் சம்மதமில்லாமல் நிறுத்தமுடியாது என்று அது சொன்னது. வீட்டுக்கல்விப் பெற்றோர் பலருக்குக் கோபம். "எங்களையெல்லாம் குற்றவாளியாப் பாக்கிறியளோ?" என்பதுதான் அவர்களின் கேள்வி. அந்தக் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. கதவைத் தட்டி வந்து விசாரிக்கிற அரசாங்கத்தை எங்கட ஊரில் யார்தான் நம்புவார்கள்?

ஆனால் அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பைக் கேட்கிறவர்களில் வீட்டுக்கல்வியிலேயே வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் 2013இல் சேர்ந்து ஒரு அமைப்பையே தொடங்கினார்கள். வீட்டுக்கல்வியைத் தடைசெய்யச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. பிள்ளை வீட்டில் படிக்கிறது எண்டு அறிவியுங்கள், வருடத்துக்கு ஒருக்காவாவது வெளியாள் ஒருவர் பிள்ளையை நேரில் பார்க்கட்டும், பிள்ளைகளைத் துன்புறுத்தித் தண்டனை பெற்றவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். நல்ல பெற்றோருக்கு இது வருடத்தில் ஒரு நாள் வேலை. மற்றப் பிள்ளைக்கு அந்த ஒரு நாள்தான் கதவு.

எங்கட ஒன்பதாம் ஆண்டுக்காரியிடம் கேட்டோம்: "உனக்கு வீட்டில ஏதும் பிரச்சினை எண்டால் ஆரிட்டச் சொல்லியிருப்பாய்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கிழமைக்கு ஒருக்கா கணக்குச் சொல்லித்தர ஒரு அக்கா வந்தவ. அவ வந்தவுடன முதல்ல சாப்பிட்டியோ எண்டுதான் கேப்பா." அம்மா அப்பா நல்லவர்கள் என்றபடியால் அந்தக் கேள்விக்கு ஒருநாளும் வேலை வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இருந்தது.

இலங்கையில் 16 வயதுவரை படிப்பு கட்டாயம். அதனால் வீட்டுக்கல்வி எங்கட பிரச்சினையில்லை எண்டு நினைக்கலாம். ஆனால் வருத்தம், இடம்பெயர்வு, காசில்லாமை, ஆசிரியரின் அடி எண்டு பல காரணங்களால் வீட்டோடு நின்றுபோன பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் அறிவோம். அவர்களுக்கு வீட்டுக்கல்வி என்ற பெயர்கூட இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் அந்த இலக்கத்தை அழுத்த முதலில் யாராவது பிள்ளையைக் கண்டிருக்கவேண்டும்.

வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் மிஸ் தலையை நிமிர்த்திப் பார்ப்பா. "ஏன் வரேல்ல, ஆருக்கும் தெரியுமோ?" எண்டு கேட்பா. அவளின்ட பெயரைக் கூப்பிட்ட அன்றைக்கும் கேட்டிருப்பா. "வேற ஊராம் மிஸ்" எண்டு சொன்னது நாங்கள்தான்.

அந்தக் குட்மோர்னிங் இலக்கம் இன்னும் எங்கட கைபேசியில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத முன்னம் ஒரு செய்தி அனுப்பினோம்: "எப்பிடியடி இருக்கிறாய்?" இன்னும் ஒரு சரிக்குறிதான் விழுந்திருக்கு. அவளின்ட பழைய ஒழுங்கையில் இருக்கிற ஆக்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப்போகிறோம்.